நனையாத பம்பிகள்

நனைந்த மனிதரைத் துவட்டி எடுக்கலாம். நனைந்த மோட்டாரைத் துவட்ட முடியாது. இந்தச் சின்ன உண்மை விளங்கினால் மற்றதெல்லாம் இலகுவாக விளங்கும், ஐயா.

மலக்கழிவுநீர் நிலையத்துக்கு நான்தான் பொறுப்பு. இரணைமடுக் குளத்துக்குக் கீழே அப்படியொரு கட்டடம் வேறில்லை. கட்டி முடித்தும் திறப்பு விழா தள்ளித் தள்ளிப் போனது. தன் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டில் 'மலம்' என்ற சொல் வரக்கூடாது என்று திறக்கவிருந்த பெரியவர் சொல்லிவிட்டார். 'நீர்த்தூய்மை மாளிகை' என்று மாற்றி வெட்டுவித்தோம். ஊர்ச்சனம் வைத்த பெயர் கக்கூஸ் கோயில். பரவாயில்லை, நானும் கோயில் போலத்தான் வைத்திருந்தேன். செருப்போடு ஒருவரையும் மோட்டார்ப் பம்பி அறைக்குள் விட்டதில்லை.

எங்களுக்கு மேற்கே கொலனி. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய சனம். அவர்களுடைய கழிவுநீர்தான் முதலில் எங்களுக்கு வரவிருந்தது. அவர்களுடைய மழைநீர் எங்கள் மதிலோரத்து வடிகாலால் ஓடியது. விழா நெருங்கும்போது மழை பிடித்தது. வடிகால் கரைமுட்டியது; இன்னும் ஒரு முழம் ஏறினால் பம்பி அறை. இப்படியான நேரத்துக்கென்று வடிகாலில் ஓர் இரும்புக் கதவு போட்டிருந்தோம். அதை இறக்கச் சொன்னேன்.

காவலாளி கிருசாந்தன் கதவை ஏற்றி இறக்கும் சில்லைச் சுற்றுவதை நிறுத்தினான்.

“சேர், இதை இறக்கினால் தண்ணி எங்கை போகும்?”

“வயலுக்கு.”

“வயலுக்கு முன்னாலை கொலனியெல்லே கிடக்கு.”

“உனக்குப் பொறியியல் தெரியுமோ?”

“அதுதான் சேர் கேக்கிறன். பொறியியல் படிச்ச தண்ணி கொலனியைச் சுத்திப் போகுமோ?”

அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மீதியை நானே சுற்றினேன். சில்லைக் கழற்றி ஜீப்புக்குள் வைத்துக்கொண்டேன்.

பின்னேரம் கொலனியிலிருந்து அழகம்மா வந்தார். இடுப்புவரை நனைந்திருந்தார். அவருடைய மகள் கஜனிக்கு ஷெல் பட்ட நாளிலிருந்து இரண்டு காலும் விளங்காது.

“ஐயா, தண்ணி கட்டிலத் தொட்டிருச்சு. கதவத் தூக்குவீங்களா, மாட்டீங்களா? மாட்டேன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிருங்க. நாலு பேரக் கூப்பிட்டு புள்ளைய இப்பவே பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போயிருவோம். இன்னும் ஏறுனா தூக்கிட்டு நடக்க ஏலாது.”

அவர் கேட்டது ஒரு பதிலை மட்டுந்தான் என்பதைக் கவனியுங்கள். நான் யோசித்தேன். மாட்டேன் என்றால் அந்த நாலு பேரும் பள்ளிக்கூடத்துக்கா போவார்கள்? என் கதவை நெம்பித் தூக்க அலவாங்கோடு வருவார்கள்.

“இப்ப தூக்கிறன் அம்மா. பயப்பிடாமல் வீட்டை போங்கோ. பிள்ளையை அசைக்காதேங்கோ, தண்ணி வடிஞ்சிடும்.”

“நல்லா இருப்பீங்க ஐயா.”

“ஐயா தொறக்கப் போறாரு, யாரும் கெளம்பாதீங்க” என்று வழிநெடுகச் சத்தம்போட்டுக்கொண்டு போனார். ஒழுங்கை திரும்பும்வரை எனக்குக் கேட்டது. பிறகு மழைதான் கேட்டது.

நான் சில்லைத் தொடவில்லை. ஜீப்புக்குள் அதன் பக்கத்திலேயே இருந்தேன்.

தண்ணீர் வடிந்தபின் கஜனியைக் கட்டிலோடுதான் எடுத்தார்கள். அழகம்மாவின் கை கட்டில் சட்டத்தைப் பிடித்தபடியே இருந்ததாம். கிளம்பாமல் இருந்த வேறு சிலரும் வெள்ளத்தோடு போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் உறவினரைத் தேடி விசுவமடுப் பக்கம் போனார்கள். சில்லை வெள்ளம் கொண்டுபோனது என்று விசாரணையில் முதலில் சொன்னேன், அது பொய். தப்பிப்போக இருந்தவர்களைத் திருப்பி வீட்டுக்கு அனுப்பியவன் நான். தெரிந்துதான் அனுப்பினேன்.

பம்பிகளில் ஒரு துளி ஈரமில்லை. விழாவும் நடந்தது. பெரியவர் பொத்தானை அமத்தினார். கொலனிக் குழாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. குளிக்கவோ கழுவவோ அங்கே ஆளில்லை. வெறுமையாக ஓடினால் பம்பி கருகிவிடும். மாலையோடு நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய் நிறுத்தியவனும் நான்தான். அன்றைக்கும் இப்படி ஓடியிருக்கலாமே என்று கேட்பீர்கள்.

எங்கே ஓடுவது, ஐயா? கொலனியில் என் பொறுப்பில் ஒன்றும் இருக்கவில்லையே.