ஒத்தைக் கதவுக் கோட்டை

பஷீர்: …இருங்க டீச்சர். டக்ளஸ் செத்துட்டான்னா? இப்பத்தான் கீழ என் கடையில முர்தபாக் ரொட்டி கட்டிக்கிட்டுப் போனான்.

ஜெனவீவ்: விளையாட்டுல செத்தான் பாய். அவன் ஒரு வீரன். நானும் கென்னத்தும் கூடப் போற ஆளுங்க. லியோனார்ட் கதைய நடத்துவான், என்ன செய்யறோம்னு நாங்க சொல்லணும். நடக்குமா நடக்காதான்னு பகடை சொல்லும்.

பஷீர்: நம்ம கூலிம் டவுன்ல வீடியோ கடையே வந்து வருசமாச்சு, இன்னும் கதை சொல்லியா விளையாடறீங்க? நீங்க பூசை முடிஞ்சு என் மாடிக்கு வர்றது இதுக்குத்தானா… நான் பைபிள் வகுப்புன்னுல்ல நெனச்சேன்.

லியோனார்ட்: ஆட்டம் சிங்கப்பூர்லேருந்து அண்ணன் அனுப்புன புத்தகத்துல உள்ளது பாய். கோட்டை மட்டும் என் சொந்தப் பிளான்.

ஜெனவீவ்: வாளும் இவன் சொந்தக் கற்பனைதான். உருவினா, உருவினவன் பேரச் சத்தமா சொல்லும். டக்ளஸ் பாவம், தூங்கற பூதத்துக்குப் பின்னால பூனை மாதிரி போயி உருவினான்…

பஷீர்: பேரச் சொல்லிருச்சு.

ஜெனவீவ்: அப்பா பேரோட.

லியோனார்ட்: மந்திர வாளுக்கு ஒரு கெத்து வேணாமா?

ஜெனவீவ்: கென்னத்துக்கு மாயப் போர்வை. போத்தினா போர்வை மறைஞ்சிரும். கென்னத்து அப்படியே தெரிவான், குளிர்ல நடுங்கிக்கிட்டு.

பஷீர்: தம்பி, நீ கட்டடப் பிளான் வரையிற ஆபீஸ்லதானே வேலை பாக்கற?

லியோனார்ட்: அது வேற லா பாய்.

ஜெனவீவ்: பூதம் முழிச்சிருச்சு, டக்ளஸ் காலி. கோட்டைக்குள்ள ஓடினோம். ஊரே உக்காந்து சாப்பிடற மாதிரி கூடம். அதுக்கு நட்டநடுவுல அடுப்படி.

பஷீர்: நடுவுலயா? புகை எங்க போகும்?

லியோனார்ட்: சோறு சூடா வரும்ல.

ஜெனவீவ்: சன்னலே கெடையாது, சுவர் பூரா சித்திரம். என் கைவிளக்கு தவறித் திரையில பட்டுருச்சு. தீ. விருந்துக்கு வந்திருந்த சனத்தோட எல்லாரும் வாசலுக்கு ஓடினோம். ஒரே கதவு பாய். அதுவும் உள்பக்கமா தொறக்கறது.

பஷீர்: பின்னால சனம் நெருக்கும்போது எப்படி இழுக்கறது…

ஜெனவீவ்: அதான். இவன் அட்டைய மறைப்பா வச்சுக்கிட்டு பகடைய உருட்டி உருட்டிப் பாத்தான். தொறக்கலன்னே சொன்னான். அந்தக் கதவுகிட்டயே எல்லாருக்கும் முடிஞ்சுது.

பஷீர்: போம்பா வண்டி வந்தாலும் தீய அணைக்க உள்ள நுழைய முடியாதே. நல்லவேளை, கதைதானே.

லியோனார்ட்: …ஆமா. கதைதான்.

ஜெனவீவ்: நாளைக்கு எஸ்டேட்டுக்கு வர்றியா லியோ?

லியோனார்ட்: எதுக்கு?

ஜெனவீவ்: எதுக்கா… நம்ம கோயில் மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டறாங்க. நீ வரைஞ்ச பிளான் ஃபாதர் அறைச் சுவத்துல தொங்குது. நேத்துதான் பாத்தேன்.

பஷீர்: அதுல…

ஜெனவீவ்: நடுவுல அடுப்படி. ஒரே கதவு. நேரா சொன்னா இவன் கேக்கற ஆளில்ல பாய். கைவிளக்கு தவறல, நான் வேணும்னுதான் திரைமேல போட்டேன்.

பஷீர்: அல்லா… கிறிஸ்மஸ் விருந்துக்கு என் புள்ளைங்களும்ல அங்க வரும்.

ஜெனவீவ்: நாளைக்குக் கல்லு நாட்டறதுக்குள்ள பிளான மாத்தணும் லியோ.

லியோனார்ட்: …கடைசித் தரம் ஆறு விழுந்துச்சு ஜெனி. கதவு தொறந்திருக்கணும். நாந்தான் தொறக்கலன்னேன். மண்டபக் கதவ வரைஞ்ச அன்னிக்கே எனக்குத் தெரியும், கூட்டம் நெருக்கினா அது தொறக்காது… எந்திரி, ஃபாதர் வெளிய கெளம்பறதுக்குள்ள போயிடுவோம்.