அஜிடேட்டர் என்ற சொல்லுக்கு நான் எழுதிய பொருள்

இரண்டாம் சாட்சி. வயது நாற்பத்து மூன்று. தொழில், திரவ சோப்பு ஆலை அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு. குடியிருப்பு, ஆலைக்கு எதிர்ச் சந்தில் மருந்துக்கடை மாடி. யாரும் அழைக்காமல் தானாகவே காவல் நிலையத்துக்கு வந்து சொன்னதாவது:

நான் வேலையில் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. மேலாளருக்கு ஆங்கிலம் அரைகுறை என்பதால், ஆலையின் ஆங்கிலக் கடிதங்களைத் தமிழாக்கி அவர் மேசையில் வைப்பது என் வேலை. சென்ற திங்கட்கிழமை, ஆலை மெக்கானிக் வெளிநாட்டு இயந்திரக் கம்பெனிக்கு எழுதிய கடிதம் என்னிடம் வந்தது. அதில் 'அஜிடேட்டர்' என்ற சொல் இருந்தது. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துக்கொண்டு நான் எழுதியது இது: "பழைய கிளர்ச்சியாளர் ஓய்ந்துவிட்டார். வியாழக்கிழமை உற்பத்தியை நிறுத்துகிறோம். அதற்குள் பலமான புதிய கிளர்ச்சியாளரை அனுப்பவும். அடிமட்டம் வரை கலக்க வேண்டும்."

எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே சந்தேகம் வந்தது. ஆனாலும் ஒரு மாடி இறங்கிப் போய்த் தொட்டிக்கூடத்தில் விசாரிக்கத் தோன்றவில்லை. அகராதி கையில் இருக்கிறது என்ற திமிர்தான், வேறென்ன. அதன் பிறகு மேலாளர் அந்தத் தாளோடு புகார் கொடுத்ததும், மறுநாள் காலை மெக்கானிக்கை அழைத்து வந்ததும் நிலையத்துக்குத் தெரிந்தவையே.

அதன் பிறகு மெக்கானிக்கின் மனைவி என் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு, "ஏங்க, எங்க வீட்டுக்காரரு சோப்புத் தொட்டியைத் தவிர வேற எதைக் கலக்குனாரு? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

அதன் பிறகு நான் முதல்முறையாகத் தொட்டிக்கூடத்துக்குள் போனேன். இடுப்பளவு உயரத்தில் மூடியில்லாத பெரிய தொட்டி. அதற்குள் தேய்ந்துபோன நான்கு இரும்புத் துடுப்புகள் தடுமாறிச் சுற்றிக்கொண்டிருந்தன. மேலே ஒட்டியிருந்த தகட்டில் அதே ஆங்கிலச் சொல் பொறித்திருந்தது. தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியிடம் கேட்டேன். "இதுவாம்மா? கலக்கி. புஸ்தகத்துல என்ன பேரோ, எங்களுக்குக் கலக்கிதான்" என்று வலது கையால் காட்டினார். அந்தக் கையில் இரண்டு விரல்கள்தான் இருந்தன. மற்ற மூன்றும் போன வருடம் இதே தொட்டியில் போயின என்றும், அதற்குப் பிறகு மெக்கானிக் தொட்டிக்கு மூடி கேட்டு மனு எழுதிப் பத்தொன்பது பேரிடம் கையெழுத்து வாங்கினார் என்றும் சொன்னார். அந்த மனு என்னிடமும் வந்தது. வேலைக்குப் புதிது என்று சொல்லி நழுவிவிட்டேன்.

அதன் பிறகு மேலாளரிடம் போய் என் பிழையைச் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தாமலே, "மெஷினோ மனுஷனோ, கலக்குறது கலக்குறதுதானே" என்றார். அகராதியை எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்தேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா அகராதியை வாங்கிப் புரட்டிப் பார்த்து, "அப்போ ரிஃபார்மர், ஆக்டிவிஸ்ட் எல்லாம் வேற வேறயா? நான் ஒண்ணுன்னுல்ல நினைச்சேன்" என்று கேட்டார். வேறுதான் என்றேன். மாற்றம் கேட்பவரை மெச்சுகிறவர்கள் ரிஃபார்மர், அதாவது சீர்திருத்தவாதி, என்கிறார்கள். ஆக்டிவிஸ்ட், அதாவது செயற்பாட்டாளர், என்று அவரே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். அஜிடேட்டர் என்பது பெரும்பாலும் அவரைப் பிடிக்காதவர் வாயில் வருவது. இந்த அகராதி தரும் ஐந்து உதாரணங்களில் ஒன்றில்கூட யாரும் 'நான்' என்று தொடங்கவில்லை. ஐயா விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, "அட, ஆமா!" என்றார்.

அதன் பிறகு, கடிதத்தில் உள்ளது இயந்திர உறுப்பு மட்டுமே, மெக்கானிக் எந்த மாற்றமும் கேட்டவர் அல்லர் என்று எழுதிக்கொண்டால் இப்போதே அவரை அனுப்பிவிடலாம் என்று ஐயா சொன்னார். முதல் பாதி உண்மை, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டாவது பாதிக்கு என்னால் ஒப்ப முடியாது. ஒரு தடவை தப்பாக எழுதி ஒரு மனிதரை உள்ளே தள்ளியது போதும். "அப்போ அவரை என்னன்னு போடறது?" என்று கேட்டார். 'மூடி கேட்டவர்' என்று போடச் சொன்னேன். எழுதத் தொடங்கியவரை நிறுத்தி, 'கேட்டவர்கள்' என்று பன்மையில் போடச் சொன்னேன். மனுவில் இன்று காலை இருபதாவதாகக் கையெழுத்துப் போட்டவள் நான்.

இது என்னிடம் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

(ஒப்பம்)
இரண்டாம் சாட்சி