ஷிகுரான் மிதித்த கட்டடங்கள்

நீங்கள் கொடுத்த காப்பி எங்கள் அலுவலகக் காப்பியைவிட நன்றாகவே இருக்கிறது, டிடெக்டிவ் சார். காவல் நிலையத்தில் இதை நான் எதிர்பார்க்கவில்லை. இந்த மேசை விளிம்புதான் கூராக இருக்கிறது. குழந்தையோடு யாராவது வந்தால் நெற்றியில் இடித்துக்கொள்ளும். ரப்பர் பட்டை ஒட்டச் சொல்லுங்கள். மன்னிக்கவும், தொழில் புத்தி.

டிவி சேனலில் வேலை என்றதும் உங்கள் உதவியாளர் எனக்கு எந்த நடிகைகளைத் தெரியும் என்று கேட்டார். பாவம். எனக்குத் தெரிந்த நட்சத்திரம் ஒன்றுதான். அதற்கு இருபது மாடி உயரம், முதுகு முழுக்க முள். நான் ஒளிபரப்பு ஒழுங்குத் துறையில் இருக்கிறேன். எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று சொல்வது என் வேலை. சனிக்கிழமை காலை முழுவதும் என் பொறுப்பு. அந்த நேரத்தில் இந்த நாட்டுக் குழந்தைகள் பைஜாமாவோடு, மடியில் பாலும் கார்ன்ஃபிளேக்ஸும் போட்ட கிண்ணத்தோடு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். பெற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். அந்த நிம்மதிக்கு எனக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஷிகுரானை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பழைய ஜப்பான் படம், கறுப்பு வெள்ளை. கடலுக்கடியிலிருந்து ஒரு மிருகம் எழுந்து வந்து ஊரையே மிதித்துத் தீர்த்துவிட்டுத் திரும்பிப் போகும். உலகமே பார்த்த படம் என்கிறார்கள். நான் பார்த்ததில்லை. ஒழுங்குபடுத்துவதற்குப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

எங்கள் சேனல் அதன் உரிமையை வாங்கி, பர்பாங்க் நகரில் ஒரு சின்ன ஸ்டூடியோவிடம் கார்ட்டூனாக எடுக்கக் கொடுத்தது. முதல் கதைச் சுருக்கம் என் மேசைக்கு வந்தபோது அந்த மிருகம் நெருப்பு கக்கியது. நெருப்பை நீராவி ஆக்கினேன். காரை மிதித்தது. ஓட்டுநர் முதலில் இறங்கி, தள்ளிப் போய், நலமாக இருப்பதாகக் கையசைத்துக் காட்டிய பிறகு மிதிக்கலாம் என்றேன். ராணுவம் சுட்டது. துப்பாக்கிக்குப் பதில் தண்ணீர்க் குழாய் கொடுத்தேன். எதிரே வரும் இன்னொரு மிருகத்தைக் குத்தக் கூடாது, வலை போட்டுப் பிடிக்கலாம். ஷிகுரான் படகைத் தள்ளிக்கொண்டு நீந்தும்போது உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தால் குழந்தைகளுக்கு நல்ல முன்மாதிரியாக இருக்கும் என்றும் எழுதினேன்.

அந்தக் குறிப்பு போனதும்தான் இயக்குநர் டெல்பர்ட் ஹனிகட் என்னைத் தேடி வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். சினிமாக் கொட்டகையில் கார்ட்டூன் ஓடிய காலத்திலேயே முயல்களையும் வாத்துகளையும் வரைந்தவர். என் அறைக்குள் வந்து தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"யோவ் பாதிரியாரே," என்றார். ஸ்டூடியோவில் எனக்கு வைத்திருந்த பெயர் அது. "அது கடல்லயே பொறந்து வளந்த பிராணிய்யா. அதுக்கு எதுக்கு லைஃப் ஜாக்கெட்?"

"குழந்தைங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, மிஸ்டர் ஹனிகட்," என்றேன்.

"குழந்தைங்களுக்குத் தெரியும். உமக்குத்தான் தெரியல."

போய்விட்டார். அடுத்த வாரம் வந்த பகுதியில் ஷிகுரான் கால்பந்து மைதான அகலத்துக்கு ஆரஞ்சு நிற அங்கி போட்டுக்கொண்டு வந்தது. கழுத்தில் விசில் வேறு தொங்கியது. என்னைக் கிண்டல் செய்ததாக அவருக்கு நினைப்பு. நான் 'சிறப்பு' என்று குறித்து அனுப்பினேன்.

கட்டடங்களுக்கு வருகிறேன். நீங்கள் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவ்வளவு பெரிய மிருகம் நடந்தால் எதையாவது மிதிக்கத்தான் செய்யும், அதைத் தடுக்க என்னாலும் முடியாது. ஆகவே ஒரு விதி வைத்தேன். எந்தக் கட்டடம் நொறுங்கினாலும், அது காலி என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் காட்சி வெளியே போகாது. சில எழுத்தாளர்கள் மறந்துவிடுவார்கள், நானே பென்சிலால் எழுதிச் சேர்ப்பேன்: 'நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை.' இந்த நாட்டில் என் எழுத்தை அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள். என் பெயர் வெண்டல் ஆஸ்குட் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அந்த வசனத்தைச் சொல்ல டெல்பர்ட் ஒரு ஆளை உண்டாக்கினார். துறைமுக அதிகாரி கேப்டன் பிம். ஒல்லிக் கழுத்து, புள்ளி போட்ட வில் டை, நடுமண்டையில் வழுக்கை. கண்ணாடி நழுவினால் சுண்டு விரலால் மேலே தள்ளிக்கொள்வான். வாரா வாரம் ஓடி வந்து, இடிபாட்டைப் பார்த்து, மூக்கை உறிஞ்சிவிட்டு, "நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை" என்பான். நான் எத்தனையோ வாரம் அவனைப் பார்த்து அனுமதித்தேன். கதாபாத்திரம் ஒழுக்கமாக இருக்கிறதே என்று மகிழ்ந்தும் போனேன்.

ஒரு சனிக்கிழமை என் மனைவி லொரேன் காப்பிக் கோப்பையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிம் வந்தான். லொரேன் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நான் கண்ணாடியைத் தள்ளிய விரலைப் பார்த்தாள்.

"அடக் கடவுளே, வெண்டல். இது நீங்கதானே?"

சிரித்தாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருடம். அவளை அப்படிச் சிரிக்க வைக்க நான் முயன்றது உண்டு, முடிந்ததில்லை. டெல்பர்ட் ஹனிகட் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு அதைச் செய்துவிட்டார். நான் கோபப்படவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு எங்கள் தெருப் பிள்ளைகளும் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் காரை நிறுத்தி இறங்கினால் போதும், யாராவது ஒரு பிள்ளை அட்டைப்பெட்டியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு என்னைப் பார்த்து மூக்கை உறிஞ்சும். சர்ச்சில் காணிக்கைத் தட்டு கைதவறி விழுந்தபோது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் அந்த வசனத்தைச் சொன்னது. போதகர்கூடச் சிரித்தார். மனம் புண்படாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன் நான். பொறுத்துக்கொண்டேன்.

இந்த வருடம் தொடரை நிறுத்துவது என்று சேனல் முடிவெடுத்தது. கடைசிப் பகுதியைப் பார்க்க ஒரு வெள்ளிக்கிழமை காலை ஸ்டூடியோவுக்குப் போனேன். மறுநாள் காலை ஒளிபரப்பு. டெல்பர்ட் எடிட்டிங் மேசையில் ரீலை ஓட்டிக் காட்டினார். அதில் ஷிகுரான் துறைமுகத்துக்கு வருகிறது. நீராவி இல்லை, அங்கி இல்லை. அது கால் வைக்கும் ஒவ்வொரு தடவையும் கரையில் படகுகள் எழும்பி இறங்குகின்றன. கேப்டன் பிம் தன் அலுவலக வாசலில் நின்று, "நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை" என்கிறான். தொப்பியை மறந்துவிட்ட ஞாபகம் வருகிறது. எடுக்க உள்ளே போகிறான். கால் இறங்குகிறது.

அதற்குப் பிறகு வெறும் கறுப்பு. பிறகு அந்த மிருகம் குனிந்து, ஒரு நகத்தால் பலகைகளை ஒவ்வொன்றாக நகர்த்துகிறது. கத்தவில்லை. தேடுகிறது.

எடிட்டிங் அறையில் தூசி அதிகம், என் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. துடைத்துக்கொண்டேன்.

"இத வெட்டியாகணும்," என்றேன்.

டெல்பர்ட் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். அன்றைக்குக் கிண்டல் இல்லை. "நான் பட்டாளத்துல இருந்தப்ப ஒசாகாவுல ஒரு கொட்டகையில அந்தப் படம் பாத்தேன். கட்டடம் விழுறப்ப எனக்கு முன்னால இருந்த ஆளு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. அவரு ஊரு சண்டையில குண்டு விழுந்து நெசமாவே எரிஞ்ச ஊரு. இத்தன வாரமா அந்த ஆள நெனச்சுக்கிட்டேதான் உம்ம வசனத்த எழுதுனேன். ஒரே ஒரு தடவ அந்தக் காலு கனமா இருக்கட்டும், பாதிரியாரே. கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. மதியத்துக்குள்ள படம் புடிச்சிருவேன்."

"சாகுற ஆளுக்கு ஏன் என் மூஞ்சி?"

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "உம்ம மூஞ்சியத்தான் எனக்கு நல்லா வரைய வரும். வாரா வாரம் வரைஞ்சு பாசமாயிருச்சு."

பாசம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு ஒரு பழைய பகுதியை ஓட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முன் அலுவலகத்திலிருந்து அவருக்குத் தொலைபேசியில் பேசினேன். ஸ்டூடியோக்காரர்கள் முந்தைய நாளே அவரைக் கூப்பிட்டு அதைக் காட்டியிருந்தார்கள்.

"பாத்தேன், பாத்தேன்," என்றார். மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். "அச்சு அசல் நீதான்யா வெண்டல். ஆபீஸே விழுந்து விழுந்து சிரிச்சுது. கடைசிப் பகுதிதானே, போகட்டும் விடு."

நான் வகுத்த ஒவ்வொரு விதிக்கும் இவர்தான் கையெழுத்துப் போட்டவர். ஒரே ஒரு மனிதன் சாகலாம் என்று இப்போது விதியைத் தளர்த்தியிருந்தார். அந்த மனிதனுக்கு என் முகம். இதை நான் குழந்தைகளின் பக்கமிருந்து மட்டுமே பார்த்தேன் என்பது உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அந்த ஸ்டூடியோவில் எல்லோரும் எதிர்ப்புறம் இருக்கும் மெக்சிகன் கடைக்குச் சாப்பிடப் போய்விடுவார்கள். நிர்வாகம் பார்க்கும் ஓப்பல் மட்டும் முன்னால் தொலைபேசிக்குக் காவல் இருப்பாள். அவளிடம் கைக்குட்டையை மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். ரீல் மேசையிலேயே இருந்தது. பக்கத்தில் வெட்டிப்போட்ட பிலிம் துண்டுகள் நிறைந்த துணிப் பை, ஒட்டும் பசையைக் கரைக்கிற திரவம் ஒரு புட்டி. மூடி சரியாகப் போடாமல் இருந்தது. இப்படிப்பட்ட கவனக்குறைவை நான் பல தடவை கண்டித்திருக்கிறேன். எரிந்தது ரீல் மட்டும்தான் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்தக் கட்டடம் முழுக்க மரமும் பெயின்ட்டும்.

காமிரா அறைக்கு எடிட்டிங் அறை வழியாகத்தான் போக முடியும். வேறு கதவு கிடையாது. வரைந்த தாள்களை ஒவ்வொன்றாக வைத்துப் படம் பிடிக்கிற இடம் அது. துளி தூசி விழுந்தாலும் திரையில் பாறாங்கல் மாதிரித் தெரியும் என்பதால் காலணியோடு யாரும் உள்ளே போக மாட்டார்கள். வாசலில் கழற்றிவிட்டு, கதவைச் சாத்தி, கறுப்புத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, காலுறையோடு வேலை செய்வார்கள். காற்றாடி இரைச்சலில் வெளியே நடப்பது எதுவும் கேட்காது. உள்ளே ஆள் இருக்கிறார் என்பதற்கு வாசலில் காலணி இருப்பதுதான் அடையாளம். காலணி இல்லையென்றால் ஆளில்லை. அந்த ஸ்டூடியோவில் மிகச் சின்னப் பெண் வரைக்கும் தெரிந்த விஷயம்.

என் கார் டிக்கியில் நீங்கள் கண்டெடுத்த பழுப்பு நிறக் காலணிகள் டெல்பர்ட்டுடையவை. மறுக்கவில்லை. அன்று அவை வாசலில் கோணல்மாணலாகக் கிடந்தன. நான் குனிந்து எடுத்தபோது உள்பக்கம் இன்னும் கதகதப்பாக இருந்தது. புகையில் யாராவது தடுக்கி விழுந்துவிடுவார்களே என்று அப்புறப்படுத்தினேன். செய்தித்தாளில் சுற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டேன். ஆமாம், தீ வைப்பதற்கு முன்னால்தான். எப்போதும் முன்யோசனையோடு இருப்பது நல்லது.

நான் காரருகே நின்றுகொண்டிருந்தபோதுதான் ஓப்பல் புகையைப் பார்த்தாள். துணிச்சலான பெண். எடிட்டிங் அறை வாசல் வரை ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டு இருமிக்கொண்டே வெளியே வந்தாள். தீயணைப்பு வண்டி வந்ததும் ஒரு வீரர் அவள் தோளைப் பிடித்துக் கேட்டார்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களாம்மா? சீக்கிரம் சொல்லு."

"இல்லண்ணே. வாசல்ல ஷூவே இல்ல. டெல்பர்ட்டும் சாப்பிடப் போயிட்டாரு போல." மார்பில் கைவைத்துக்கொண்டாள். "நல்லவேளை, உள்ள யாருமில்ல."

என் வசனத்தை அவ்வளவு இயல்பாக யாரும் சொன்னதில்லை. அவர்கள் கூரைக்குத் தண்ணீர் அடித்தார்கள். உள்ளே போகவில்லை. ஓப்பல் இப்போது சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவளிடம் சொல்லுங்கள், அவள்மேல் தவறில்லை. அவள் விதிப்படி நடந்துகொண்டாள்.

மறுநாள் காலை பழைய பகுதி ஒன்றை ஒளிபரப்பினார்கள், உயிர்காப்பு அங்கி வரும் பகுதி. லொரேன் சமையலறையிலேயே இருந்துவிட்டாள். நான் தனியாக உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். எந்தக் குழந்தைக்கும் கெட்ட கனவு வந்ததாக ஒரு புகார்கூட வரவில்லை.

கதவை உள்ளிருந்து தட்டிய சத்தம் கேட்டதா என்று கேட்டீர்கள். கேட்டது. நான் பாதி வழி நடந்திருந்தேன். கதவை ஒட்டியே தீ, அவரால் வெளியே வர முடியவில்லை. முதலில் தட்டினார். பிறகு, கதவிடுக்கு வழியாகப் பார்த்தாரோ என்னவோ, என்னைக் கூப்பிட்டார். பாதிரியாரே என்று இல்லை, வெண்டல் என்று. என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நான் கண்ணாடியைச் சுண்டு விரலால் மேலே தள்ளிக்கொண்டு நடந்தேன்.

சட்டம் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும். கையெழுத்துப் போடுகிறேன், பேனாவைக் கொடுங்கள். ஒரே ஒரு திருத்தம். நீங்கள் தட்டச்சு செய்த இரண்டாவது பத்தியில் 'உள்ளே ஒருவர் இருப்பது தெரிந்தே' என்று இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். எந்தக் கட்டடத்தில் ஆள் இருக்கிறார், எதில் இல்லை என்று முடிவு செய்வது இத்தனை வருடமாக என் பொறுப்பு. வாசலில் காலணி இல்லை, நானே பார்த்தேன். நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை.