கலண்டரில் ஓர் ஓட்டக்காரி

— முருகனைக் கும்பிட்டிட்டு ஆர்ச்வே பஸ் ஸ்டாப்பிலை வந்து நிண்டால், விளம்பரக் கண்ணாடி முழுக்க உன்ரை கால், தனுஷியா! சப்பாத்தோடை! கோயிலாலை வந்த சனம் முழுக்க என்னைப் பாத்துச் சிரிக்குது.

— சப்பாத்து விக்கிறவங்கள் பிறகென்ன மாமா, காதின்ரை படமே போடுவாங்கள்?

— பகிடி விடாதை. இன்னும் யுனிவர்சிட்டி முடிக்கேல்லை நீ. படிக்கிற பிள்ளை யுனிவர்சிட்டியின்ரை பேருக்காக ஓடோணும். காசு வாங்கிக்கொண்டு ஓடினால் அது விளையாட்டே, வியாபாரமே?

— அந்த யுனிவர்சிட்டி என்ரை படத்தைப் போட்டுத்தான் ஆள் பிடிக்குது. கோச்சுக்குச் சம்பளம், படம் எடுத்தவனுக்குச் சம்பளம். ஓடின எனக்கு மட்டும் ஒரு வாழைப்பழமும் கைதட்டும்.

— அண்ணை, ரீ ஆறுது, குடியுங்கோ. என்ரை பிள்ளை சூப்பர்மார்க்கெட்டிலை ஷிப்ட் செய்துபோட்டு, வீங்கின காலோடை ட்ரெயினிங் போனவள். இந்தச் சப்பாத்துக்காரர் ஒப்பந்தம் போட்டுக் காசு தந்தாப் பிறகுதான் ஷிப்டை விட்டவள். அவங்கள் இல்லையெண்டால் ஓட்டத்தைத்தான் விடோணும்.

— நீ குடுத்த செல்லம்தான் சிவனேஸ்வரி இதெல்லாம். எங்கடை லண்டன் பழைய மாணவர் சங்க விளையாட்டுப் போட்டிக்கு இவளைத்தான் பிரதம விருந்தினர் எண்டு போட்டனான். காலை வித்துப் பிழைக்கிற பெட்டையை, நான் தலைவரா இருக்கிற மேடையிலை ஏத்த ஏலாது. ஒப்பந்தத்தை முறிக்கட்டும். இல்லாட்டி அந்தப் பக்கம் வரத் தேவையில்லை.

— உங்கடை மைதானத்தைச் சுத்தி நகைக்கடை, கொத்துரொட்டிக்கடை எல்லாற்றை பனரும் தொங்குதே மாமா. பெடியளின்ரை முதுகிலை வேறை உங்கடை கடைப்பேர்.

— அது ஆதரவு.

— ஓ. சங்கத்துக்குத் தந்தால் ஆதரவு, எனக்குத் தந்தால் வியாபாரம். நல்ல நியாயம்!

— வாயைப் பார்! உன்னை எவ்வளவு மதிச்சு வைச்சிருக்கிறன் தெரியுமே? என்ரை குட்மேய்ஸ் பலசரக்குக் கடைக் கலண்டரிலை இந்த வருசம் ஆற்றை படம்? லட்சுமி இருந்த இடத்திலை உன்னை வைச்சனான்.

— கண்டன். ராகுகாலத்துக்கு மேலை நான் ஓடுறன், என்ரை தலைக்கு மேலை 'புழுங்கல் அரிசி மலிவு'. ஒரு வார்த்தை என்னைக் கேட்டனீங்களே?

— எங்கடை பிள்ளையட்டை என்ன கேள்வி? வாற வருசத்துக்கும் உன்ரை படம்தான். அச்சுக்குக் குடுத்தாச்சு.

— அப்ப நிப்பாட்டுங்கோ. சப்பாத்துக்காரரைத் தவிர வேறை ஒரு கடையும் என்ரை படத்தைப் போட ஏலாது. ஒப்பந்தத்திலை இருக்கு.

— என்ன? கலண்டர் முழுக்கக் குப்பைக்கோ? ஆரடி அதை எழுதினவன்? தாய் தேப்பன் வளக்காத நாயோ?

— அண்ணை, கொஞ்சம் பொறுத்து...

— நீ சும்மா இரு சிவனேஸ்வரி. என்ரை மகன் யதுசன் லோயருக்குப் படிச்சவன். ஊர்ப்பெடியள் மாதிரி இல்லை, தேப்பன் கிழிச்ச கோட்டைத் தாண்டாதவன். இப்பவே அவனட்டைக் காட்டி, இந்த ஒப்பந்தத்தை உடைக்கிறனோ இல்லையோ பார். எழுதினவனைக் கோட்டுக்கு இழுத்து நாறடிக்கிறன்.

— காட்டத் தேவையில்லை மாமா. எழுதினதே யதுசன் அண்ணாதான். கடைக்காரர் என்ரை படம் போட ஏலாது எண்டதைத்தான் முதல் எழுதினவர். "அப்பா உன்னைக் கேக்காமல் கலண்டர் அடிப்பார்" எண்டு சொன்னவர்.