பதினெட்டாம் லெவல் காவலன்

உயர்ந்த லெவலில் ஒரு போர்வீரனை உருவாக்கும்போது பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ப்பதுதான். கொஞ்சம் வாள், கொஞ்சம் வில், ஆபத்துக்கு உதவும் என்று ஒரு மந்திரம். அப்படிப்பட்டவன் ஐந்தாம் லெவல் வரை சமாளிப்பான். பதினெட்டாம் லெவலில் எதிரே வருவது டிராகன். ஒரே ஒரு வேலையை முழுசாகத் தெரிந்தவன்தான் அங்கே நிற்க முடியும். அதற்காக மற்றதையெல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள் சார், இதுதான் ஆரம்பம். என் பெயர் திருவேங்கடம். சொந்த ஊர் அச்சரப்பாக்கம், குடியிருப்பது படூரில் ஒரு வாடகை ஃபிளாட். மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பதினோரு வருடமாகப் பராமரிப்பு இன்ஜினியர். இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப் முழுக்க என் பொறுப்பு. மெஷின் ஓடினால் என் பெயர் யாருக்கும் தெரியாது, நின்றால் எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒரு வேலை.

விளையாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். மேஜை, கட்டம் போட்ட காகிதம், பகடை, இவ்வளவுதான் சாமான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ அந்தக் கதைக்குள் போவோம். என்ன செய்கிறோம் என்பதை வாயால் சொல்ல வேண்டும், நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். எங்கள் கதையை நடத்தியவர் காயத்ரி. கல்லூரியில் பாடம் எடுக்கிறார், என் ஃபிளாட்டுக்கு மேல் மாடி. ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் அவர் வீட்டு மேஜையில் உட்காருவோம். ஆறு வருடம் அப்படி ஆடினோம்.

லோகுவை நான்தான் அழைத்து வந்தேன். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்துக்காரன், அப்பா இன்னும் கடலுக்குப் போகிறார். டிப்ளமோ முடித்துவிட்டு எங்கள் கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். என் வயதுதான், மனைவி பெயர் ரஞ்சிதா. கம்பெனி பஸ்ஸில் நான் விதிப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னா மச்சான், பரீட்சைக்குப் படிச்சுகினு கீறியா?" என்றான். விளக்கினேன். அடுத்த ஞாயிறு வந்துவிட்டான்.

நான் எப்போதும் மந்திரவாதி. பெரிய மந்திரமெல்லாம் தெரியும், ஆனால் உடம்பு நோஞ்சான். ஒரே அடியில் விழுந்துவிடுவேன். லோகு என் பக்கத்துக் கட்டத்தில் நிற்கும் காவலன். என்னை நோக்கி வரும் அடியை அவன் தன்மேல் வாங்கிக்கொள்ளலாம், அதற்கு விதியில் இடமுண்டு. ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அவன் மறுத்ததில்லை. "எனக்கு உடு, நான் வாங்கிக்கறேன்" என்று பகடையை எடுப்பான். உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்காக யாரும் எதையும் வாங்கிக்கொண்டது கிடையாது சார். ஞாயிறு மாலை மாடியிலிருந்து இறங்கி வரும்போது சந்தோஷமாக இருக்கும். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அப்படி.

அவனிடம் ஒரே ஒரு குறை. கதையில் ஒரு கதவு வந்தால், பொறி இருக்கிறதா என்று ஒரு தடவை சோதிப்பான். "பாத்தாச்சு, உள்ள போலாம்" என்பான். அதற்குப் பிறகு அந்தக் கதவை மறுபடி சோதிக்கவே மாட்டான். காயத்ரி இரண்டு முறை அதை வைத்தே அவனைக் கவிழ்த்திருக்கிறார். அவன் திருந்தவில்லை. ஒரு தடவை பார்த்ததை அப்படியே நம்பிவிடுகிற ஜாதி.

இந்த வருடம் பொங்கல் கழித்து, கடைசிப் பெருங்கதையைத் தொடங்கப்போவதாகக் காயத்ரி சொன்னார். எல்லோரும் பதினெட்டாம் லெவலில் புது ஆள் எழுதி வர வேண்டும். லோகு என் தோளில் தட்டி, "எனக்கும் நீயே ஒருத்தன செஞ்சுக் குட்றா" என்றான். இரண்டு வாரம் உட்கார்ந்தேன். இரண்டு கைக் கோடரிக்காரன் பலமாக அடிப்பான், ஆனால் தன்னைத்தான் பார்த்துக்கொள்வான். வில்லாளி தூரத்தில் நின்றுவிடுவான். கடைசியில் பழையபடி காவலனையே எடுத்தேன், இந்தத் தடவை மிச்சம் வைக்காமல். வேகம் வேண்டாம், தாக்கும் பலம் வேண்டாம், பேச்சுத் திறமை வேண்டாம். கிடைத்த புள்ளி எல்லாவற்றையும் பக்கத்தில் இருப்பவனைக் காப்பதில் போட்டேன். தன் ஆளை விட்டு ஓரடி நகர்ந்தால் அவன் ஒன்றுக்கும் உதவமாட்டான். நகராவிட்டால் அவனை எதுவும் வெல்ல முடியாது. நாலு பக்கம் வந்தது. நான் இதுவரை செய்ததில் அதுதான் ஒழுங்கான வேலை.

பஸ்ஸில் அதைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தான். "சூப்பர் மச்சான். ஆனா இவ்ளோ மெனக்கெட்டிருக்க வேணாம். ஏப்ரல்ல நான் ஜப்பான் போறேன். மூணு வருஷம் ட்ரெய்னிங், ரஞ்சிதாவும் வருது. ரெண்டு மாசம் தாங்கற மாதிரி ஒருத்தன் போதும். மொத ஆட்டத்துலயே செத்தாலும் பரவால்ல" என்றான்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அவனுக்கு ஜப்பான் கிடைத்ததற்காக இல்லை. எனக்கு ஜப்பான் வேண்டாம். ஆறு வருடம் பக்கத்தில் நின்றவன், செத்தாலும் பரவாயில்லை என்று எவ்வளவு லேசாகச் சொன்னான்.

இப்போது பிரஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெஷினின் வாய்க்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத கதிர் ஓடும், நாங்கள் சென்சார் என்போம். கை அதைத் தாண்டினால் மெஷின் நின்றுவிடும். ஷிஃப்ட் தொடங்கும்போது ஆபரேட்டர் ஒரு குச்சியை நீட்டி அதைச் சோதித்து, தாளில் டிக் போட வேண்டும். தகடு உள்ளே சிக்கினால் சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் எங்கள் ஷாப்பில் யாரும் பொத்தானை அழுத்துவதில்லை. அழுத்தினால் மறுபடி ஓட்டுவதற்கு நேரமாகும், எண்ணிக்கை குறையும், சூப்பர்வைசர் கத்துவார். அதனால் நேராகக் கையை நீட்டுவார்கள். சென்சாரே மெஷினை நிறுத்தும், தகட்டைத் தட்டிவிட்டுக் கையை எடுப்பார்கள். எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், ஒரு நாளும் மேலிடத்துக்கு எழுதிப் போட்டதில்லை.

ரிப்பேர் சமயத்தில் சென்சாரை அணைத்து வைக்க ஒரு சாவி உண்டு. அது என்னிடம்தான் இருக்கும்.

மார்ச் பதினொன்று, புதன்கிழமை, முதல் ஷிஃப்ட். காலையில் லோகு குச்சியை நீட்டிச் சோதித்து டிக் போட்டதைப் பார்த்தேன். டீக்குப் பத்து நிமிடம் விடுவார்கள். டீ முடிந்து வந்து யாரும் மறுபடி சோதிப்பதில்லை, அவன் நிச்சயமாகச் சோதிக்கமாட்டான். எல்லோரும் கேண்டீனுக்குப் போன பிறகு நான் சாவியைத் திருப்பினேன். தகடு சிக்கும்படி நான் எதுவும் செய்யவில்லை, அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ஷிஃப்டில் ஆறேழு தடவை அது தானாகச் சிக்கும். பத்தேமுக்காலுக்குச் சிக்கியது. கையை நீட்டியது அவன்தான்.

விரல்கள்தான் போகும் என்று எனக்குத் தெரியும். ஒரு விரல் போனாலும் ஜப்பான் போவதற்கான மெடிக்கல் சோதனையில் தள்ளிவிடுவார்கள் என்பதும் தெரியும். அவன் உயிருக்கு ஆபத்து வரும்படி நான் எதையும் செய்யமாட்டேன். வலது கையில் நாலு விரல் போயிற்று. நான் இரண்டுதான் எதிர்பார்த்தேன்.

முதலில் ஓடியவன் நான். மணிக்கட்டுக்கு மேல் துணியை இறுக்கிக் கட்டியதும் நான்தான், டாக்டரே பாராட்டினார். எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகும்போது சாவியைப் பழையபடி திருப்பிவிட்டு, பின்னாலேயே போய் வண்டியில் ஏறிக்கொண்டேன். செங்கல்பட்டு போகும்வரை அவன் தலை என் மடியில் இருந்தது.

விசாரணையில் சின்னையன் மாட்டினார். ஒப்பந்த ஃபிட்டர், அன்று காலை அந்த மெஷினுக்கு எண்ணெய் போட்டுவிட்டுக் கையெழுத்திட்டிருந்தார். சென்சார் கண்ணாடியில் எண்ணெய் பட்டிருக்கலாம் என்று முடிவு கட்டி அவரை அனுப்பிவிட்டார்கள். அறிக்கையை எழுதியது நான். கேட்டில் என்னைப் பார்த்து, "சார், நான் தொடைச்சிட்டுத்தான் வந்தேன், உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் என்று எப்படிச் சொல்வது.

ஆஸ்பத்திரிக்குத் தினமும் போனேன். காவலனைத் திருத்தி எழுதினேன். கேடயத்தை முழங்கைக்குக் கீழே வாரால் கட்டிக்கொள்ளலாம், பிடிக்க விரல் தேவையில்லை. பார்க்கப் போனால் இந்த வகை முன்னதைவிடப் பலமானது, கேடயத்தை யாராலும் தட்டிப் பறிக்க முடியாது. நாலாம் நாள் கட்டிலருகே அதைப் படித்துக் காட்டினேன். ரஞ்சிதா தட்டைக் கீழே வைத்தாள். "அண்ணாத்த, அவருக்கு நான் சோறு ஊட்டினு கீறேன். இப்போ போயி இத எடுத்துகினு வரீங்களே" என்றாள். லோகு அவளைத் தடுத்தான். "உடு ரஞ்சி. அவனுக்கு மனசு கேக்கல, அதான்."

பிறகு அவன் வந்தான் சார். ஏப்ரல் கடைசியிலிருந்து ஐந்து ஞாயிறு. இடது கையால் பகடை போட்டான். மாடிப்படியில் நான் தோளைப் பிடித்துக்கொள்வேன். காயத்ரி கதையை நடுவில் நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருப்பார், ஒருநாள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். எனக்கு அது புரியவில்லை. அவன் என் பக்கத்துக் கட்டத்தில்தானே நின்றான், எல்லாம் பழையபடிதானே இருந்தது.

போன வாரம் அந்த நாலு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தான். "இத நீயே வெச்சுக்க மச்சான். ஓசூர் யூனிட்ல ஸ்டோர்ல வேலை குடுத்துட்டாங்க. ரஞ்சிதாவோட அண்ணன் அங்கதான் கீறாரு, அவுங்க வூட்டுப் பக்கத்துலயே ஒரு வூடு பாத்துட்டாங்க. இந்தப் பக்கம் இனிமே வர மாட்டோம். அந்த மெஷின் சத்தம் பஸ்ஸுல வரும்போதே காதுல கேக்குது" என்றான். பிறகு, "நீ அன்னிக்குத் துணி கட்டலைன்னா செத்துருப்பேன்" என்றான். இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

சின்னையனுக்கு நியாயம் கிடைக்கவேண்டும் என்று வந்தேன், அப்படித்தான் நீங்களும் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும், அவருக்கும் கிடைக்கட்டும். நான்தான் சாவியைத் திருப்பினேன். லோகு இங்கேயே இருக்க வேண்டும் என்பதற்காகத் திருப்பினேன். சாவியைத் திருப்பினால் மெஷினே நேரத்தைப் பதிந்துகொள்ளும், நான் திருத்தாத அந்தப் பதிவு கண்ட்ரோல் பேனலில் இருக்கிறது. போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

போலீசிடம் சொன்னது மட்டும் கோர்ட்டில் செல்லாது என்று ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஜட்ஜ் கேட்டால் நான் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போவதில்லை. கோபப்படாதீர்கள். ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும். மறுத்தால் சாட்சிகளைக் கூப்பிட வேண்டும், முதல் சாட்சி அவன்தான். சம்மன் வந்தால் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு வந்துதான் ஆகவேண்டும். வாய்தா தள்ளிப்போனால் மறுபடி வர வேண்டும். கூண்டில் ஏறி என்னைப் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டும். இந்த மாதிரி வழக்கு ஐந்தாறு வருடம் இழுக்கும் என்று வக்கீல் சொன்னார். இழுக்கட்டும். அவனுக்கும் அது நல்லதுதான், ஓசூரில் அவனுக்கு யார் சார் இருக்கிறார்கள்?