சூடு காட்டாத முள்

எனக்குச் சட்டென்று கோபம் வராது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் கத்துவது என் மனைவி ஸ்யாமளாதான்; நான் எழுந்து போய் அடுப்பை அணைப்பேன். அனல் மின் நிலையத்தில் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். சூட்டைக் கண்டு பதறுகிறவனுக்கு அந்த வேலை சரிப்படாது. அதனால், இன்ஸ்பெக்டர் மேடம், ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள்.

பாண்டிராஜைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும். கொட்டாம்பட்டிப் பக்கம் எங்களுக்குப் புஞ்சை இருந்தது. அவன் அப்பன் கருப்பு அதில் வேலை பார்த்தவன். என்னைவிட வயதில் மூத்தவன், ஆனாலும் என்னைச் சின்னய்யா என்றுதான் கூப்பிடுவான். பையன் படித்தான், பெங்களூரில் விமான இன்ஜினியர் ஆனான், விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டான். பிறகு ஊருக்குத் திரும்பி, நாங்கள் எப்போதோ விற்றுவிட்ட அதே புஞ்சையை வாங்கினான். அங்கே தகரக் கொட்டகை போட்டு, முறையாக அனுமதியும் வாங்கி, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டினான்.

எனக்குச் சந்தோஷம்தான். சாதி வித்தியாசமெல்லாம் என்னிடம் கிடையாது. அவன் மனைவி முத்துமீனா கொடுத்த காபியை அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து குடித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் தலைக்கு ஊற்றிக்கொள்வேன் என்றால், அது புழுதிக்காக.

மீட்டர்களைச் சரிபார்த்துத் தர முடியுமா சார் என்று போனில் கேட்டான். சார் என்றான், போனேன். இன்ஜின் ஆயிலின் சூட்டை அறிய ஒரு சென்சார் உண்டு, கட்டை விரல் அளவுதான். அதை எண்ணெய்ச் சட்டியில் தொங்கவிட்டு, பக்கத்திலேயே நம்பகமான தெர்மாமீட்டரையும் தொங்கவிட்டு, மெல்லச் சூடேற்ற வேண்டும். தெர்மாமீட்டர் சொல்வதையே மீட்டரின் முள்ளும் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். சொன்னது. பிசகே இல்லை என்று அவனிடம் சொன்னேன். அன்றைக்கு அது உண்மை.

அடுத்து ஒரு வெள்ளிக்கிழமை விமானத்துக்குப் பூஜை வைத்தார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், மூக்கில் சந்தனம். ஊரே வந்திருந்தது, ஸ்யாமளாவும் வந்திருந்தாள். முன்வரிசையில் கருப்பு காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. முழங்கால் வலி என்றார்கள், இருக்கலாம். அவன் பக்கத்து நாற்காலியை எனக்கென்றே பிடித்து வைத்திருந்தார்கள். பாண்டிராஜ் என் தோளில் கை போட்டு எல்லாரிடமும் சொன்னான்:

"இவருதான் எங்க சிவசங்கரண்ணே. மீட்டரெல்லாம் அண்ணேதான் பாத்துக் குடுத்தாரு. அண்ணே சொன்னா நான் கண்ண மூடிக்கிட்டு ஏறிருவேன்."

மதுரையில் டீக்கடைக்காரரும் அண்ணே, பஸ் கண்டக்டரும் அண்ணே என்பீர்கள். எனக்கும் தெரியும். ஆனால் அண்ணன் என்றால் என்ன அர்த்தம், மேடம்? கூடப் பிறந்தவன் என்று அர்த்தம். கருப்பு பெற்ற பிள்ளையா நான்? ஊர் கூடி நிற்கிறது, பெண்டாட்டி பார்க்கிறாள், என் தோளில் அவன் கை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சர்க்கரைப் பொங்கலை வாங்கிக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்றேன்.

கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று பிறகு தனியாகப் போனேன். அவனும் முத்துமீனாவும் சிம்மக்கல்லுக்குச் சாமான் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கொட்டகைச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். மீட்டருக்குப் போகும் வயரில் அரிசி அளவு ஒரு பொருளைச் சேர்த்தேன். நீங்கள் வயலில் கண்டெடுத்தது அதுதான். அதற்கப்புறம் ஆயில் என்ன கொதி கொதித்தாலும் முள் குறைத்தே காட்டும். நான் செய்தது அவ்வளவுதான்.

மிச்சத்தை அவனே செய்துகொண்டான். தரையில் இன்ஜினை ஓட்டிப் பார்த்தபோது, ஆயிலில் போதுமான சூடு ஏறவில்லை என்று முள் காட்டியது. ஆயில் குளிர்ந்தே கிடந்தாலும் இன்ஜினுக்கு ஆகாது. அதைக் குளிரவைக்கும் ரேடியேட்டரில் பாதியைத் தகடு வைத்து அடைத்துவிடவா என்று கேட்டான். சித்திரை வெயிலில் நின்றுகொண்டு கேட்கிறான். படித்தவன், யோசித்திருக்க வேண்டாமா? அடை என்றேன். தகட்டை வைத்தது அவன் கை.

அவன் மேலே போன காலையில் நான் கீழே வாக்கிடாக்கியோடு நின்றேன். பக்கத்தில் முத்துமீனா கையை நெற்றியில் வைத்து வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவன் குரல் வந்தது.

"அண்ணே, ஆயில் பிரஷர் எறங்குதுண்ணே. சூடு சரியாத்தான் காட்டுது. எறங்கிரவா?"

ஆயில் கொதித்து நீர்த்துப்போனால் பிரஷர் இறங்கும். அது அவனுக்கும் தெரியும். சூடு சரியாக இருப்பதாக முள் சொன்னதால்தான் என்னைக் கேட்டான். ஓடுபாதை அவனுக்கு நேர் கீழே கிடந்தது.

"பிரஷர் மீட்டர்தான் பொய் சொல்லுது. இன்னொரு சுத்து சுத்திட்டு வா."

சரிண்ணே என்றான். சுற்றி முடிப்பதற்குள் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. கண்மாய்க்குப் பின்னால் வயலில் போய் விழுந்தான். முத்துமீனா என் கையைப் பிடித்து உலுக்கினாள். அவளும் அண்ணே என்றுதான் கத்தினாள்.

துக்கத்துக்கும் போனேன். கருப்பு என்னைப் பார்த்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். "சின்னய்யா, போயிட்டானே" என்றான். எழுந்திருக்க முடிகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

கொன்றது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மேலேயிருந்து கேட்டானே, அந்த ஒரு தடவையாவது சார் என்று கூப்பிட்டிருந்தால், இறங்கு என்று சொல்லியிருப்பேன். நான் சாதி பார்க்கிறவன் இல்லை, மேடம். மரியாதை பார்க்கிறவன்.