சூளையின் நடு இடம்

ஆகஸ்ட் 12, செவ்வாய். வழக்கம்போல் காலை 8.10க்குக் கருவேப்பிலங்குறிச்சியில் விருத்தாசலம் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் பீங்கான் பொம்மைப் பட்டறைக்குப் போகும் இரண்டு பெண்கள்.

“அன்ட்யூன்னா அளவுக்கு மீறி, தேவையில்லாமன்னு அர்த்தமாம். எம் பொண்ணு சொல்லிக் குடுத்துச்சு. மல்லிகாவுக்கு எதுக்கு அன்ட்யூ சலுகைன்னு இன்னிக்கு மொதலாளிகிட்ட கேக்கப்போறேன்.”

“என்னா சலுகை, வசந்தாக்கா?”

“அவ பொம்மைங்கள சூளையில நடுவுல வைக்கிறாங்க. என்னுத கதவோரம் வைக்கிறாங்க. விரிசல் வுட்டா திட்டு எனக்கு. அவளுக்கு அன்ட்யூ சிரிப்பு, அன்ட்யூ பேச்சு, தலையில அன்ட்யூ பூவு.”

“அது அவ தோட்டத்துப் பூவுதானக்கா.”

அடுத்த நிறுத்தத்தில் அந்த மல்லிகாவே ஏறினாள்.

“அக்கா, நேத்தே மொதலாளிகிட்ட பேசிட்டேன். இனிமே ஒங்க பொம்மைங்க நடுவுல. என்னுது கதவோரம் இருக்கட்டும்.”

சொல்லிவிட்டு, இடம் தேடிப் பின்பக்கம் போனாள்.

“இப்ப என்னாக்கா கேக்கப்போற?”

வசந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “எனக்காவ இவள யாருடி பேசச் சொன்னது? இதுதான் பெரிய அன்ட்யூ.”

மறுநாள் காலை பஸ் ஏறியதும் வசந்தா முதல் வேலையாகப் பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்தாள். மல்லிகா வந்ததும் பையை மடியில் எடுத்து வைத்து அவளுக்கு இடம் விட்டாள். பேச்சு மட்டும் கொடுக்கவில்லை.